நான் உடைக்காத தேங்காய்

இந்த வருஷம் ஆனி மாசம் நடந்தது. திருவிடைமருதூரிலிருந்து வயல் வழியாக உள்ளே போனால் எங்கள் ஊர். ஆற்றில் விட்ட தண்ணீர் எங்கள் வாய்க்கால் வரைக்கும் வந்து சேர்ந்திருந்த நேரம். ஊரே குறுவைக்காகச் சேற்றில் இறங்கியிருந்தது. அப்போது என்னிடம் ரெண்டு பெரிய சமாச்சாரம் இருந்தது. ஒன்று ஊருக்கே தெரியும். இன்னொன்று எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஊருக்குத் தெரிந்தது நடவு மெஷின். நான் வேளாண் எஞ்சினியரிங் படித்தவன். படிப்பு முடிந்து கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் நாற்காலியைத் தேய்த்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற நடவு மெஷின் ஒன்றை வாங்கிவிட்டேன். ஒரே நேரத்தில் ஆறு வரிசை நடும். நாற்றைக் கிள்ளி எடுத்து, சேற்றில் ஊன்றி, அடுத்ததுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பற்றி யாராவது தெரியாமல் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், நான் பேசி முடிப்பதற்குள் அவர்களுக்குப் பஸ் போய்விடும்.

யாருக்கும் தெரியாத சமாச்சாரம், நான் அப்பா ஆகப் போகிறேன்.

என் மனைவி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். எதையும் ஒன்றுக்கு ரெண்டு தடவை சரிபார்க்கிறவள். ஸ்கேனில் இதயத் துடிப்பைக் கேட்கிற வரைக்கும் அவள் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது, எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் எல்லாரையும் கட்டிக்கொள்ளணும் போல இருந்தது. "இனிமே வீட்டுல சொல்லலாம்" என்று டாக்டரே சொல்லியாச்சு. ஆனாலும் சொல்லவில்லை. காரணம், என் அக்கா.

அக்காவைத் திருப்பனந்தாளில் கட்டிக் கொடுத்திருக்கிறது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. அவளும் மாமாவும் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. அவள் அதைப் பற்றிப் பேச மாட்டாள். மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசுவாள், வாய் அப்படி. ஒருதடவை சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. வளையலைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "நீ அப்புறமா போடலாம்மா, பிள்ளை பெத்தவங்க முதல்ல போடட்டும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பழக்கத்தில் சொன்னார். அக்கா வளையலைத் தட்டில் வைத்துவிட்டு, புளிசாதம் பரிமாறப் போய்விட்டாள்.

அன்றைக்கு அப்புறம் நான் ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தேன். குடும்பத்தில் யாராவது மாசமாக இருக்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்த நொடி, எல்லார் கண்ணும் அக்கா பக்கம் ஒரு நடை போய்விட்டு வரும். அவள் அதற்குள் ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பாள்.

என் பிள்ளையால் அவளுக்கு அப்படி ஒரு நொடி வரக் கூடாது. இதுதான் என் கவலை. அதனால், மெஷினுக்குப் பூஜை போட்ட மறுநாள் நானும் மனைவியும் அக்கா வீட்டுக்குப் போய், எல்லாருக்கும் முன்னால் அவளிடம் சொல்வது என்று முடிவு செய்திருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று பைக்கில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் தனியாகப் பேசுகிறேன் என்று சிக்னலில் ஒருத்தர் சிரித்தார்.

பூஜை அன்று காலையில் மெஷின் எங்கள் வயல் வரப்போரம் மாலை போட்டுக்கொண்டு நின்றது. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம், முகப்பில் சந்தனம், குங்குமம். பூஜைக்குச் சொந்தக்காரர்கள், வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்து விவசாயிகள். பக்கத்திலேயே பச்சைப் பாய் சுருட்டி வைத்த மாதிரி நாற்று. மெஷின் நடவுக்கு நாற்றைத் தட்டில் பாய் மாதிரி வளர்க்கணும். அதை வளர்த்தது அக்காதான். வாடகைக்கு ஓட்டப் போவது நான், எல்லாருக்கும் நாற்று கொடுக்கப் போவது அவளும் மாமாவும் என்று பேச்சு. மண்ணைச் சலிப்பதில் ஆரம்பித்து விதை தூவுவது வரைக்கும் என்னோடு சண்டை போட்டுத்தான் வளர்த்தாள். சண்டையில் பெரும்பாலும் அவள்தான் சரி.

அப்பா சூடம் ஏற்றினார். பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, தேங்காயையும் அரிவாளையும் என் கையில் திணித்தாள். "உடைடா. உன் கை பட்டாத்தான் ரெண்டாப் பிளக்கும்."

எங்கள் குடும்பத்தில் தேங்காய் என்றால் நான்தான். பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்தே எந்த விசேஷத்திலும் என்னைத் தேடிப் பிடித்து உடைக்கச் சொல்வார்கள். ஒரே தட்டில் அளவெடுத்த மாதிரி ரெண்டு மூடி விழும். நானும் பெருமையாக அரிவாளை ஓங்கிவிட்டு, எதிரே புங்கமரத்து நிழலில் நின்ற என் மனைவியைப் பார்த்தேன்.

அவள் முகம் சரியில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்தில் மனைவி மாசமாக இருந்தால் புருஷன் தேங்காய் உடைக்க மாட்டான். பூசணிக்காய் வெட்ட மாட்டான், மொட்டை போட மாட்டான், பாடைக்குத் தோள் கொடுக்க மாட்டான். காலேஜில் படிக்கும்போது இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். கெமிஸ்ட்ரி டீச்சரும் சிரிப்பவள்தான். ஆனால் அந்த இதயத் துடிப்பைக் கேட்ட பிறகு ரெண்டு பேருக்குமே சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. மெஷினில் ஒவ்வொரு நட்டையும் முடுக்கிப் பார்த்தவன், பூஜை என்றால் தேங்காய் உண்டு என்பதை யோசிக்கவே இல்லை.

உடைத்தால் அவள் மனசு அடித்துக்கொள்ளும். உடைக்க மாட்டேன் என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. அங்கே நின்ற அத்தனை பெண்களுக்கும் அந்த நொடியே விளங்கிவிடும். அத்தனை கண்ணும் முதலில் என் மனைவியின் வயிற்றுக்குப் போகும். அப்புறம் அக்காவுக்குப் போகும்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"என்னடா, போட்டோவுக்கா நிக்கிற?" என்றாள் பெரியம்மா.

"அரிவா மொக்கையா இருக்கு பெரியம்மா."

"நேத்துதானே சாணை பிடிச்சிட்டு வந்த?"

"அப்பா உடைக்கட்டுமே."

"நல்லா இருக்கே! மெஷின் உன் பேர்ல, தேங்கா உங்கப்பன் உடைக்கணுமா?"

காற்றில் சூடம் படபடத்தது. அப்பா கையால் மறைத்துக்கொண்டு என்னை முறைத்தார். அம்மாவின் நெற்றி லேசாகச் சுருங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

நாற்றுப் பாய்களுக்குப் பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். திரும்பி என் மனைவியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கையை நீட்டினாள்.

"கொடுடா இப்படி. மெஷின் உன்னதுன்னா நாத்து என்னது. இன்னிக்கு நான் உடைக்கிறேன்."

சாமிக்கு முன்னால் பெண்கள் தேங்காய் உடைப்பது எங்கள் ஊரில் கிடையாது. அதிலும் அக்கா. முதல் ஆளாக எதற்கும் அவளைக் கூப்பிடாதவர்கள்தான் பாதிப் பேர்.

"பொம்பள தேங்கா உடைக்கிறதா? எங்கயாவது உண்டாடி?" என்று பெரியம்மா குரலை உயர்த்தினாள்.

"ஏன் பெரியம்மா, உங்க வீட்டுல தினம் சட்னிக்குத் தேங்கா உடைக்கிறது யாரு? பெரியப்பாவா?"

முதலில் சிரித்தது அப்பா. சூடத்தட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் எல்லாரும். பெரியம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் அக்கா அரிவாளை வாங்கிவிட்டாள். முதல் அடி வழுக்கி, தேங்காய் உருண்டு வரப்போரம் ஓடியது. "பாத்தியா, பாத்தியா" என்றாள் பெரியம்மா. மாமா ஓடிப் போய் எடுத்துவந்து துடைத்துக் கொடுத்தார். அடுத்த அடியில் பளிச்சென்று பிளந்தது. என்னுடையது மாதிரி அழகாக இல்லை, ஒரு மூடி பெரிசு ஒரு மூடி சிறிசு. அக்கா தேங்காய்த் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிவிட்டு, "ஏறுடா வண்டியில" என்றாள்.

ஏறினேன். மெஷின் சேற்றில் இறங்கி முதல் வரிசை நட்டபோது ஊரே வரப்பில் நடந்து கூடவே வந்தது. மற்ற நாளாக இருந்தால் நான் வானத்தில் பறந்திருப்பேன். அன்றைக்கு எனக்குக் கண் முழுக்க அக்கா மேல்தான். ஒரு சுற்று முடிந்து நாற்று ஏற்ற வரப்புக்கு வந்தேன். அக்காதான் பாயை எடுத்துத் தட்டில் வைத்தாள். என்ஜின் சத்தத்தில் வேறு யாருக்கும் எதுவும் கேட்காது. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"எத்தனையாவது மாசம்?"

"மூணு முடியப் போகுது. அக்கா, நாளைக்கு உன் வீட்டுக்கு வந்து உன்கிட்டதான் முதல்ல…"

"ஏன், இங்க சொன்னா வயல்ல விழுந்து அழுவேன்னு நினைச்சியா?"

"அப்படி இல்லக்கா."

"என்னைப் பாத்துப் பாவப்படுற அளவுக்குப் பெரிய மனுஷன் ஆயிட்டியா நீ?" என்று நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "கண்ணு கலங்கத்தான் செய்யுது. சந்தோஷத்துல பாதி, வேற என்னமோ பாதி. எது எதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும். நீ வண்டியை எடு, நாத்து வாடுது."

வண்டியை எடுத்தேன். அந்தச் சுற்றில் என் வரிசை பாம்பு மாதிரி வளைந்து போனது. இப்போதும் அந்த இடத்தைக் காட்டிச் சொந்தக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள், மெஷின் கோளாறு என்று சமாளித்து வருகிறேன்.

அடுத்த தடவை வரப்புக்கு வந்தபோது அவள் வேறு ஆளாக இருந்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்கு, டாக்டருக்கு. அவ்வளவுதான்."

"அப்ப குடும்பத்துல நான்தான் முதல் ஆளு."

"ஆமாக்கா."

"அப்படின்னா எல்லாருக்கும் நான்தான் சொல்வேன். நீங்க ரெண்டு பேரும் வாயத் திறக்கக் கூடாது" என்றவள், சேற்றுக் கையோடு நேரே புங்கமரத்தடிக்குப் போனாள். என் மனைவியிடம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. என் மனைவி அழுதுகொண்டே சிரிப்பது மட்டும் தெரிந்தது. அப்புறம் தலையை ஆட்டினாள்.

மத்தியானம் மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்தோம். அக்காதான் சாம்பார்சாதம் பரிமாறினாள். பெரியம்மாவுக்கு விஷயம் இன்னும் செரிக்கவில்லை. "எல்லாம் சரி, நீ ஏன்டா உடைக்க மாட்டேன்னு நின்ன?" என்று ஆரம்பித்தாள். அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

அக்கா கரண்டியும் கையுமாகப் பந்திக்கு நடுவில் வந்து நின்றாள்.

"பெரியம்மா, அம்மா, அப்பா, எல்லாரும் கேட்டுக்கங்க. நான் அத்தை ஆகப் போறேன்."

நான் பயந்த அந்த நொடி வந்தது. எல்லார் கண்ணும் போனது. ஆனால் என் மனைவி பக்கம் போய்விட்டு அக்காவுக்குத் திரும்பவில்லை. எடுத்த எடுப்பிலேயே அக்காவிடம்தான் போனது. அவள் எந்தப் பாத்திரத்தையும் தேடவில்லை. கிளாஸில் முதல் மார்க் வாங்கியதைச் சொல்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

அம்மா சாதக் கையோடு எழுந்து முதலில் அக்காவைக் கட்டிக்கொண்டாள், அப்புறம் என் மனைவியை. மாமா என் முதுகில் அறைந்தது சாயந்திரம் வரைக்கும் வலித்தது. சர்க்கரைக்காரரான அப்பா, பூஜைத் தட்டில் இருந்த வெல்லத்தை நைசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன். என் மனைவி சிக்னல் கிடைக்கிற இடம் தேடி வரப்பு மேல் நின்று, மன்னார்குடியில் இருக்கிற அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அதான் தேங்கா உடைக்காம திருதிருன்னு முழிச்சியா, கள்ளப்பயலே!" என்று பெரியம்மா என் காதைத் திருகினாள். அப்புறம் அக்கா பக்கம் திரும்பினாள். "ஏன்டி, பொறந்த பிள்ளை காதுல பேரு கூப்பிடுறது அத்தைதான். அது உன் பொறுப்பு, பாத்துக்க" என்றாள்.

"அதெல்லாம் இப்பவே யோசிச்சாச்சு. உங்க பேரு மட்டும் வைக்க மாட்டேன்" என்றாள் அக்கா. அன்றைக்குச் சாப்பிட்டவர்களைவிடச் சிரித்துப் புரையேறியவர்கள் அதிகம்.

இப்போது என் மனைவிக்கு நிறைமாசம். அக்கா தினம் போன் செய்கிறாள். என்னிடம் நாற்றைப் பற்றி, அவளிடம் மாத்திரையைப் பற்றி, ரெண்டு பேரிடமும் அதட்டல். அக்காவை ஏதோ கண்ணாடிச் சாமான் மாதிரி பொத்திப் பொத்திக் காப்பாற்றப் பார்த்தேனே என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நாளைக்கு என் பிள்ளை வளர்ந்து, "நான் வரப் போறேன்னு எல்லாருக்கும் யார் சொன்னாங்க?" என்று கேட்டால், பந்திக்கு நடுவில் தலை நிமிர்ந்து நின்ற என் அக்காவைத்தான் காட்டுவேன்; அப்பா ஆகப் போகிற பெருமைகூட எனக்கு இந்தப் பெருமைக்கு அடுத்ததுதான்.