ஒன்பதாம் வரிசை, இர்மாவின் இடம்

எங்கள் டிப்போவில் இருபத்திரண்டு உப்பு லாரிகள். ஒஹாயோ மாநிலத்து டொலீடோவில் பனி கொட்டினால் முதலில் தெருவில் இறங்குவது நாங்கள்தான். முன்னால் பூட்டிய இரும்புத் தகட்டால் பனியை ஓரம் தள்ளிக்கொண்டே, பின்னால் பனியை உருக்கும் உப்பைத் தூவிக்கொண்டு போவோம். ஏழாம் நம்பர் லாரி இர்மா டாகாச்சுடையது. இருபத்தொன்பது வருஷமாக வேறு யாரும் அதை ஓட்டியதில்லை. ஒருமுறை மெக்கானிக் ஒருவன் அவள் சீட்டை ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்துவிட்டான் என்பதற்காக, வாசல்வரை அவனைத் துரத்திக்கொண்டு போய்த் திட்டினாள். காலையில் முதல் காபிக்கு முன்னாலேயே அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

ஹங்கேரிக்காரர்கள் குடியிருக்கும், ஆற்றின் கிழக்குக் கரையில் பிறந்தவள். அப்பாவுக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் உலை வேலை. இவள் பள்ளிக்கூட கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வயதில் திடீரென்று கனரக வாகன லைசென்ஸ் எடுத்துக்கொண்டு டிப்போவுக்கு வந்து நின்றாள். அதுவரை அங்கே ஒரு பெண் கூட லாரி ஓட்டியதில்லை. முதல் நாளே எவனோ அவள் லாக்கரில் ஒரு சமையல்கட்டு ஏப்ரனைத் தொங்கவிட்டான். அவள் அந்த ஏப்ரனை வைத்தே பத்து வருஷம் ஆயில் குச்சியைத் துடைத்தாள்.

எங்கள் தொழிலில் ஓர் அயோக்கியத்தனம் உண்டு. பிடிக்காதவன் வீட்டு வாசலில் தகட்டைக் கொஞ்சம் சாய்த்து ஒரு தள்ளு கூடுதலாகத் தள்ளிவிட்டுப் போவோம். அவன் அரை நாள் தோண்ட வேண்டும். நாங்கள் எல்லோரும் செய்திருக்கிறோம், நானும்தான். இர்மா மட்டும் செய்ததே இல்லை. "தெரு என்னோட வேலை, கோவம் என் சொந்த விஷயம். ரெண்டையும் கலக்கக் கூடாதுடா லென்," என்பாள்.

அவளுடைய சொந்த விஷயத்தில் பெரிய பங்கு ஸ்டோக்கர்ஸுக்குப் போனது. ஸ்டோக்கர்ஸ் எங்கள் ஊர் ஃபுட்பால் அணி. காலால் உதைத்து விளையாடும் பந்து என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தொடக்கத்தில் ஓர் உதை உண்டு; மற்றபடி இது கையால் எறிந்து, ஏந்திக்கொண்டு ஓடி, ஆளை ஆள் முட்டிச் சாய்க்கும் ஆட்டம். எறிகிறவன் குவார்ட்டர்பேக். அவன் சரியில்லை என்றால் மற்ற பத்துப் பேரும் தண்டம். எங்களுக்கு முப்பது வருஷமாக அவன் சரியில்லை.

ஸ்டேடியத்தில் ஒன்பதாம் வரிசையில் அவளுக்கு இரண்டு சீசன் சீட்டுகள் இருந்தன. அவளும் புருஷன் ரேயும் கல்யாணமான வருஷம் எடுத்தது. பனியும் தோல்வியும் தாங்காமல் ரே ஒரு நாள் ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிவிட்டான். விவாகரத்து வக்கீல் முன்னால் இர்மா சொன்னாளாம்: "வீடு, காரு, படகு எல்லாத்தையும் அவனே வச்சுக்கட்டும். சீட் ரெண்டும் எனக்கு." அவன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு அவள் ஐந்தாம் எண்ணில் உட்காருவாள், ஆறாம் எண்ணில் அவள் கோட்டு உட்காரும். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி குளிரில் கூட ஒரு கோட்டு உடம்பில், ஒரு கோட்டு பக்கத்தில். வேறு யாரையும் அங்கே உட்கார விடமாட்டாள்.

அந்த மாதிரி சீட் கிடைப்பது சாமானியமில்லை. யாராவது விட்டால்தான் அடுத்தவனுக்கு. நான் பேர் எழுதிக் கொடுத்துப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் பதினேழு ஆட்டத்தில் இரண்டே இரண்டு ஜெயித்தோம். வெட்கத்தில் ஜனங்கள் மளிகைக் கடைக் காகிதப் பையில் இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இர்மாவும் மாட்டிக்கொண்டாள். ஆனாலும் ஓர் ஆட்டம் தவறவில்லை. கடைசி ஆட்டத்தில் பனிக்காற்றில் அவள் இடது சுண்டுவிரல் நுனி விறைத்துக் கறுத்துப்போனது. இன்றுவரை அதில் உணர்ச்சி கிடையாது.

இத்தனையும் எதற்காக? இந்த ஆட்டத்தில் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். கல்லூரியிலிருந்து வரும் புதுப் பையன்களைப் பிரிக்கும்போது, கடைசி இடத்தில் தோற்றுக் கிடக்கிறவனுக்குத்தான் முதல் பந்தி. நாட்டிலேயே யார் வேண்டுமோ அவனை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அந்த உரிமைக்கு முதல் தேர்வு என்று பேர்; வேண்டுமானால் வேறு அணிக்கு விற்கவும் செய்யலாம். அந்த வருஷம் எடுக்க வேண்டியவன் யார் என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். ரைலண்ட் கோஸ் என்ற ஒஹாயோ பையன். நிற்கிற இடத்திலிருந்து அறுபது கஜம் எறிவான்.

"அந்த முதல் தேர்வு டீம் மேனேஜருதும் இல்ல, முதலாளிதும் இல்ல. அது என் விரலக் குடுத்து நான் வாங்கினது," என்று இர்மா சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

பிப்ரவரியில் வினை வந்தது. காலை ரேடியோவில் பக் ரோலின்ஸ் என்று ஒருவன் விளையாட்டு அரட்டை நடத்துவான். நேயர்கள் போன் செய்து திட்டலாம். இர்மா வாரத்தில் நான்கு நாள் போன் போடுவாள். கிழக்குக் கரை இர்மா என்றால் ஊருக்கே தெரியும். அன்று அவன் வேண்டுமென்றே சீண்டினான்.

"இர்மா, ஒருவேள அந்தத் தேர்வ வேற டீமுக்கு வித்துட்டாங்கன்னா?"

"வித்துருவானுங்களா? வித்துப் பாக்கட்டும். மறுநாளே என் ரெண்டு சீட்டையும் தூக்கி அவனுங்க மூஞ்சில எறிவேன். அதுக்கப்புறம் அந்த கேட்டத் தாண்டி உள்ள கால் வச்சா என் பேரு இர்மா இல்ல. எழுதி வச்சுக்க."

"ரெக்கார்டே பண்ணி வச்சுட்டேன், அம்மா," என்றான் அந்தச் சண்டாளன்.

மார்ச்சில் விற்றுவிட்டார்கள்.

டிப்போ சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தோம். இர்மா மிளகாய்ப்பொடி போட்ட கோழியை டப்பாவோடு சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். டீவியில் ஸ்டோக்கர்ஸ் மேனேஜர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். முதல் தேர்வைத் தெற்கே ஓர் அணிக்குக் கொடுத்துவிட்டு, அவர்களிடம் இருந்த ஜாரல் ப்ரிஸ்கோ என்ற இருபத்துமூன்று வயது குவார்ட்டர்பேக்கை வாங்கியிருக்கிறார்களாம். இரண்டு வருஷம் அங்கே ஆடி, முழங்காலை உடைத்துக்கொண்டு, சொந்த ஊர்க்காரர்களே கூச்சல் போட்டு விரட்டிய பையன்!

எனக்கு ரத்தம் கொதித்தது. கையில் இருந்த ரொட்டியை டீவி மேல் எறிந்தேன். ஊரார் எச்சில் துப்பிய பண்டத்தை வாங்குவதற்கா நாங்கள் பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்? இர்மா மட்டும் கத்தவில்லை. டப்பாவை மூடினாள். சாப்பிடாமல் எழுந்து போய் லாரியைக் கழுவினாள். அவள் கத்தாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சீட்டைப் புதுப்பிக்க ஏப்ரல் பதினைந்து கடைசி நாள். அதற்கு முந்தின வாரம் அவளிடம் பேசிப் பார்த்தேன்.

"இர்மா, ரேடியோல ஆயிரம் பேர் ஆயிரம் சொல்றாங்க. எவன் செய்றான்? கோவத்துல வந்த வார்த்தைதான, விட்டுருங்க."

"அந்த ஆயிரம் பேரும் இர்மா இல்ல."

"வீட்ட விட்டீங்க, படகு விட்டீங்க, இத மட்டும் விடாம வச்சிருந்தீங்க. இப்ப எவனோ ஒரு கோட்டு சூட்டுக்காரன் பண்ணதுக்கு..."

"அவன் என்னக் கேட்டானாடா? முப்பது வருஷம் உக்காந்திருக்கேன். ஒரு வார்த்த கேட்டானா? திருப்பி நான் செய்யக்கூடியது இந்த ஒண்ணுதான். அதையும் செய்யலன்னா நான் வெறும் வாய்."

"நீங்க போனா அவனுக்கு ஒரு முடி கூட உதிராது. உங்களுக்குத்தான் நஷ்டம், தாயே!"

"தெரியும். போய் வேலயப் பாரு."

புதுப்பிக்கும் படிவத்தில் 'வேண்டாம்' என்று எழுதியிருந்த கட்டத்தில் டிக் அடித்து அவளே தபாலில் போட்டாள். அவள் முட்டாள்தனத்தை நினைத்து எனக்குக் கோபமான கோபம். அந்த மேனேஜர் மேல் வந்ததைவிட அதிகம்.

மே மாதம் எனக்கு ஸ்டேடியத்திலிருந்து கடிதம் வந்தது. என் முறை வந்துவிட்டது, இரண்டு சீட் இருக்கிறது என்றார்கள். எண்ணைப் பார்த்தேன். ஒன்பதாம் வரிசை. ஐந்து, ஆறு.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காத்திருக்கிறவர்கள் பட்டியலில் திரும்பக் கடைசிக்குப் போவேன், சீட் எவனோ கடை முதலாளிக்குப் போகும். இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாண்டஸ்கியில் அக்கா வீட்டுக்குப் போவதாகப் புளுகினேன். நாற்பத்தேழு வயது ஆள், திருட்டு தம் அடிக்கிறவன் மாதிரி ஸ்டேடியத்துக்குப் போய் வந்தேன். ஆறாம் எண்ணில் உட்காரச் சொல்லி யாரையும் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. கோட்டைக் கழற்றி அதில் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த ப்ரிஸ்கோ பையன் ஜெயித்தான். எங்கள் வாயை எல்லாம் அடைத்தான். முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம், ஐந்தாவது. உடைந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினான். ஆள் மேலே விழும்வரை பந்தைப் பிடித்து வைத்திருந்து எறிந்தான். நவம்பரில் ஊரில் ஒரு காகிதப் பை கூடக் கண்ணில் படவில்லை. ரைலண்ட் கோஸ் தெற்கே அடிபட்ட தோளைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

பக் ரோலின்ஸுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அந்தப் பழைய ரெக்கார்டைப் போடுவான். 'எழுதி வச்சுக்க' என்று இர்மாவின் குரல் கேட்கும், அவன் சிரிப்பான். டிப்போவில் இளவட்டங்களும் சிரித்தார்கள். "என்ன இர்மா, மூஞ்சில எறிஞ்ச சீட்டத் தேடி எடுத்துட்டீங்களா?" என்றான் ஒருவன். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். இர்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"அவன ஏன்டா புடிக்கிற? உனக்கென்ன வந்துச்சு?" என்று என் முகத்தையே பார்த்தாள். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன்.

"இப்பவும் சொல்றேன், அந்த வியாபாரம் தப்புதான்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பையன் நல்லவன். அதுக்காக வித்தது சரின்னு ஆயிடாது." அவளைத் தவிர ஊரில் ஒருவரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரியில் முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக நாக் அவுட் ஆட்டம் எங்கள் ஊருக்கு வந்தது. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு. காலையிலிருந்தே ஏரிப் பக்கமிருந்து பனி. ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் எப்போதும் ஏழாம் நம்பர் லாரியின் வழி. நான் லீவு சொல்லிவிட்டிருந்தேன், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று. உள்ளே நுழையும்போது வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் விளக்கு சுற்றிக்கொண்டு அவள் லாரி போவதைப் பார்த்தேன். தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

ஜெயித்தோம். கடைசி நிமிஷத்தில், மூன்று புள்ளி வித்தியாசத்தில். பக்கத்து வரிசைக்காரர்கள் யாரென்றே தெரியாதவனைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். எழுபதாயிரம் பேர் கத்தினார்கள். அந்தச் சத்தம் வெளியே லாரிக்குள் அவளுக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

நாலரை மணிக்குக் கார் நிறுத்திய தெருவுக்கு வந்தேன். தெரு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கறுப்பாகத் தார் தெரிந்தது, ஓரமாக நாற்பது கார்கள், ஒன்றின் டயரில் கூடப் பனி ஒட்டவில்லை. நடுவில் என் கார் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பனி மேடு. உச்சியில் இரண்டு ஓட்டை போட்ட காகிதப் பை ஒன்று செருகி வைக்கப்பட்டிருந்தது.

எதிர்ப்புறம் ஏழாம் நம்பர் லாரி உறுமிக்கொண்டு நின்றது. கண்ணாடி இறங்கியது. ஒரு மண்வெட்டி பறந்து வந்து என் காலடியில் விழுந்தது.

"அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

"எப்ப தெரியும்?" என்றேன்.

"அக்டோபர்லயேடா. டீவிக்காரன் ஜனங்களக் காட்டுறப்ப நான் வேற எங்க பாப்பேன்னு நெனச்ச? டிப்போ தொப்பியோட உக்காந்திருக்க, கழுதை."

"இர்மா, நான் எடுக்கலன்னா வேற எவனாவது..."

"எடுத்தது தப்புன்னு எவ சொன்னா? நானேதான் விட்டேன், உன் முறை வந்துச்சு, எடுத்த. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? அந்த மேனேஜர் நாயும் எங்கிட்டச் சொல்லல, நீயும் சொல்லல. அவன எட்டிப் புடிக்க முடியாது. நீ தெனமும் என் எதிர்ல உக்காந்து ரொட்டி திங்கிற!"

அவள் குரல் உடைந்தது. நான் அதைக் கேட்காத மாதிரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் தள்ளிய ஒரே கூடுதல் தள்ளு என் கார் மேல். எனக்கு அது வேண்டியதுதான்.

"பக்கத்து சீட்ல யாரையும் உக்கார வைக்கல நீ," என்றாள். "கோட்டப் போட்டு வச்சிருந்த. அதனாலதான் உன்ன உள்ள வச்சு மூடல."

"அடுத்த ஆட்டத்துக்கு வாங்க, இர்மா. அந்த சீட் காலியாத்தான் இருக்கு."

"கேட்டத் தாண்ட மாட்டேன்னு சொன்னா தாண்ட மாட்டேன். தோண்டு."

தோண்டினேன். அவள் இன்ஜினை அணைத்தாள்.

"முதல் உதையிலேர்ந்து ஆரம்பி," என்றாள். "ரேடியோல வந்தது வேண்டாம், அதெல்லாம் கேட்டுட்டேன். என் சீட்லேர்ந்து என்ன தெரிஞ்சுதோ அத மட்டும் சொல்லு."

மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தேன். நாங்கள் டாஸ் ஜெயித்து மேற்குப் பக்கம் எடுத்தோம், முதல் பந்தை அவர்கள் உதைத்தார்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கண்ணாடிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டாள்.

"இருடா, இரு. காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?"