நகத்தால் பயனெட் படித்த ஜமால் பாய்

"சரித்திரம் சொல்லித் தர்றியே வாத்யாரே, ஒரு பழைய இரும்பைக் காட்டினா அசலா டூப்பான்னு சொல்வியா?" சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஜமால் பாய் ஒருமுறை என்னைக் கேட்டார். போன வாரம் அவர் மகன் போனில், "அத்தா மௌத்தாயிட்டாங்க சார்" என்று அவர் இறந்த செய்தியைச் சொன்னதும் அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.

பழைய இரும்போடு, துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திகளும் அவர் கடைக்கு வரும். பயனெட் என்பார்கள். பளபளப்பான ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார். "டூப்பு. என்னையே ஏமாத்திச்சு. அதான் பாடம் சொல்ற உஸ்தாது கணக்கா மாட்டி வெச்சிகீறேன்" என்பார்.

ஒருநாள் காசிமேட்டு மாரி, படகின் பழைய இரும்பைக் கோணியில் கொண்டுவந்தார். அதில் ஒரு பயனெட்டும் இருந்தது. பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார் அவருடைய அண்ணி தேவகி. மீன் விற்பவர்.

"எட போட்டுடாத பாய். எங்க தாத்தா பட்டாளத்துலேர்ந்து எடுத்தாந்தது."

"மீன் வெட்ற கத்திக்கு இம்மாம் பெருமையா அண்ணி? பாத்த கடைக்காரன் ரெண்டு பேரும் டூப்புன்னுட்டான்."

அந்தக் கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. மீன் வெட்டுவதற்காகச் சாணை பிடித்துப் பிடித்து முனை தேய்ந்திருந்தது. உடைந்த பிடிக்குப் பதிலாகப் படகுப் பலகையைச் செதுக்கிப் பொருத்தியிருந்தார்கள்.

பாய் பிடியைப் பார்க்கவேயில்லை. அதை ஒட்டி, சாணை படாத இடத்தைத் துணியால் துடைத்தார். மாரி உப்புத்தாளை நீட்டினார். "அத்தப் போட்டுத் தேய்ச்சா எழுத்து பூடும்" என்று தள்ளிவிட்டார். துருவுக்கடியில் எழுத்துகள் தெரிந்தன. கண்ணை மூடி நகத்தை ஓட்டினார். பிறகு அதையும் சுவரில் இருந்ததையும் என் கையில் கொடுத்தார்.

சுவர்க் கத்தியில் எல்லா எழுத்தும் ஒரே ஆழம், நகம் வழுக்கியது. தேவகியின் கத்தியில் ஓர் எழுத்து ஒருபக்கம் ஆழம், மறுபக்கம் மேடு. ஓரத்தில் நகம் தடுக்கியது.

"ஆளு கையால ஒவ்வொரு எழுத்தா அடிச்சா இப்டித்தான் வரும்" என்றார் பாய். பிடியின் முனையில், பழைய இரும்பிலேயே இறுகிக் கிடந்த குமிழில் மண்ணெண்ணெய் விட்டு, டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து அழுத்தினார். உள்ளே போய்த் துள்ளி வந்தது. "துப்பாக்கியில மாட்ற ஸ்பிரிங்கு. டூப்பு பண்றவன் இதுக்கெல்லாம் மெனக்கெட மாட்டான். மரந்தான் புதுசு. இரும்பு அசல்."

தேவகியின் முகம் மலர்ந்ததும் பாய் சொன்னார்: "ஆனா ஒண்ணும்மா. கத்தி நெசம். உங்க தாத்தா பட்டாளத்துக்குப் போனாரான்னு அது சொல்லாது."

"அத்த நான் சொல்லிக்கிறேன் பாய். நீ கத்தியச் சொன்னியே, போதும்." மாரியிடம் திரும்பினார். "தூக்கு நைனா. எடுத்தாந்தவன் நீதான, வூட்டுல ஆணி அடிச்சு நீயே மாட்டு."

எங்கள் பக்கத்து மார்க்கெட்டில் கிடைப்பதெல்லாம் போலி என்று கேலி பேசுபவர்கள் உண்டு. அவர்களிடம் சொல்ல எனக்கு ஜமால் பாய் இருக்கிறார். பொருள் சொல்வதை முழுதாகக் கேட்பது, அது சொல்லாததைத் தானும் சொல்லாமல் நிறுத்துவது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான்.

உங்கள் வீட்டில் பெயர் வெட்டிய பழைய பாத்திரம் ஒன்று இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, அந்த எழுத்தின் ஓரத்தில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.