மருமகள் கற்றுவந்த நாலு வார்த்தை

விடுதியின் மூன்றாம் மாடி முழுக்க அவள் பொறுப்பு. அதனால் முதலாளியிலிருந்து காவலாளி வரைக்கும் அவளுக்கு மாடியம்மா என்றே பேர். புருஷன் போன பிறகு மகனைப் படிக்க வைத்ததும், வெளிநாட்டுக்கு விமானம் ஏற்றி அனுப்பியதும் அந்த மாடியில் கக்கூஸ் கழுவிய கைதான்.

வெளிநாட்டுப் பயணிகள் என்றாலே அவளுக்குக் குமட்டும். வடிகாலை அடைக்கும் முடிக்கற்றை, மெத்தைமேல் வீசிய ஈரத்துண்டு, டீக்கோப்பைக்குள் அணைத்த சிகரெட். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஊர் சுற்றுவதற்கென்று அவர்கள் படித்துக்கொண்டு வரும் பேச்சைத்தான் சகிக்க முடியாது. 'துண்டு', 'சீக்கிரம்', 'அழுக்கு', 'வேண்டாம் போ'. செல்போனைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு சொல்வார்கள். சொல்லிவிட்டு, பெரிய பண்டிதர் மாதிரி ஒரு இளிப்பு வேறு.

"இவ்வளவு தூரம் வர்றவங்களுக்கு நல்லதா ஒரு வார்த்தை கத்துக்க வாய் வலிக்குதா?" என்று கூட வேலை செய்கிறவளிடம் பொரிந்து தள்ளுவாள். "ஏவுறதுக்கு மட்டும் ஒரு பாஷை. தூ."

மகன் கட்டிக்கொண்டதும் ஒரு வெளிநாட்டுக்காரியைத்தான். மாடியம்மா கொஞ்ச நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண் தன்னைப் பார்க்க வருகிறாள், அதற்காக நம் பேச்சைக் கற்கிறாள் என்று தெரிந்ததும் மனசு இளகிவிட்டது.

"நீதான் சொல்லித் தர்றியாப்பா?" என்று போனில் கேட்டாள்.

"எனக்கு ஏது நேரம்? நான் உன்கிட்ட பேசுறதைக் கேட்டுக் கேட்டே கத்துக்கிறா. சரி, வை."

மருமகள் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும். அதைவிட்டால் மாடியம்மாவுக்கு வேறு ஆசையில்லை. லீவு சொன்னாள். இருந்த ஒற்றை அறையைத் தேய்த்துக் கழுவி, புதுப் போர்வை வாங்கிப் போட்டாள்.

மகனோடு வந்தாள் மருமகள். குழந்தை முகம். மாடியம்மாவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஞாபகப்படுத்தி, பூரிப்போடு சொன்னாள்:

"அம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னதையே சொல்லாத. எனக்கு வேலை இருக்கு. சரி, வை."

சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் புருஷனைப் பார்த்தாள். அவன் குனிந்து பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தான்.

கழுவிய எந்த அறையிலும் மாடியம்மாவுக்கு இப்படி ஒரு அருவருப்பு வந்ததில்லை. அந்தப் பெண்மேல் கோபமே வரவில்லை. காதில் விழுந்ததைத்தானே பாவம் கற்றிருக்கிறாள்.

"அம்மா, அவ சும்மா விளையாட்டுக்கு..."

"அவ விளையாடல."

மருமகளைக் கட்டிலில் உட்கார வைத்து, கன்னத்தைத் தொட்டு, மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். "சாப்டியாம்மா. சொல்லு கண்ணு."

"சாப்... டியாம்மா?"

"சாப்டேன் கண்ணு" என்றாள் மாடியம்மா. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப நீ சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். "சாப்..." என்று அவனும் எழுத்துக் கூட்டினான்.