ஏறிக்கொண்டே போன டீசல் முள்

எங்கள் லொறியின் மீட்டர் போர்டில் ஒரு முள்ளும் உயிரோடு இல்லை. வேகம் எவ்வளவு, இஞ்சின் சூடு எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று எதைக் கேட்டாலும் அது ஊமை. என் வீட்டுக்காரர் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. "காது இருக்குல்ல புள்ள, சத்தத்துலயே எல்லாம் தெரியும்" என்பார். பூண்டுலோயா பக்கத்தில் சின்னச் சின்னத் தோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து எடுத்து ஆலைக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் பிழைப்பு. அவர் ஓட்டுவார், நான் தராசு பார்ப்பேன். அவர் வாய்க்குப் பதில் சொல்வதும் என் வேலைதான்.

அந்தக் காதை நம்பிப் போனதில் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து அடிக்கடி நின்றோம். நிற்க நிற்கச் சாக்குக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். ஆலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஒருநாள் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி இப்பிடிச் சூடா வந்திச்சுன்னா ஓட்டத்த வேற லொறிக்குக் குடுத்துருவேன்" என்றார். அந்த ஓட்டம் போனால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை.

பழைய லொறிகளைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து ஒரு மீட்டர் போர்டை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை தானே மாட்டினார். வாய் நிறையத் திருகாணி வைத்திருந்ததால் வீடு அமைதியாக இருந்தது. மாட்டி முடித்தபோது இரண்டு ஆணி மிச்சம். "அது எக்ஸ்ட்ரா" என்றார். சாவியைத் திருப்பியதும் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது. டாங்கியில் பாதி டீசல் இருந்தது; முள்ளும் பாதியில் நின்றது. சந்தனம் வைத்து, ரோதமுனிக்குக் கற்பூரம் காட்டினோம். இயந்திரங்களுக்கெல்லாம் எங்கள் பக்கம் அவர்தான் சாமி.

மறுநாள் கொழுந்து ஏற்றிக்கொண்டு வரும்போது பார்க்கிறேன், டீசல் முள் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

"ஏங்க, ஓட ஓட டீசல் கூடுது?"

"ஏத்தத்துல டீசல் பின்னால ஒதுங்கும். முள்ளு அப்பிடித்தான் காட்டும்."

மலைப் பாதையில் எந்த முள்ளும் கொஞ்சம் பொய் சொல்லும். அது எனக்கும் தெரியும். ஆனால் இறக்கத்திலும் ஏறியது. "ரோதமுனி ஊத்துறாரு போல" என்றேன். சிரித்தார். முள் உச்சியைத் தொட்டது. லொறி இருமியது. நின்றுவிட்டது.

பிறகு மெக்கானிக் சொன்னதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் போர்டு வேறு ரக லொறியினுடையது. எங்கள் டாங்கி காலியானால் அது நிறைந்துவிட்டதாகக் காட்டும். அன்று எங்களுக்கு அது எங்கே தெரியும்? மூடியைத் திறந்து பார்த்தார். சொட்டு டீசல் இல்லை. அவர் முகம் செத்துவிட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு, அந்த வழியாக வந்த பஸ்ஸில் தாவி ஏறினார்.

நான் மட்டும், லொறி நிறையக் கொழுந்தோடு. ஒரு சாக்கின் வாயைத் திறந்து கை விட்டேன். வெதுவெதுப்பு தொடங்கிவிட்டது. அழுதால் ஆகுமா? சாக்குகளை மூடியிருந்த தறப்பாளை இழுத்து ரோட்டோர மரநிழலில் விரித்தேன். மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு இறங்கிய, கொழுந்து பறிக்கும் பொம்பளைங்க சிலர் நின்றார்கள். "என்னா அக்கா, ரோட்டுல கடை போட்டுட்டீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாக்குகளைப் பிடித்தார்கள். கொட்டி, உதறி, மெல்லிசாகப் பரப்பினோம். கொழுந்து எப்படி மூச்சு விடும் என்று அந்தக் கைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் அடித்த கேலியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் கேனோடு திரும்பி, டீசல் ஊற்றி, குழாயில் ஏறிய காற்றை வெளியேற்றி இஞ்சினைக் கிளப்புவதற்குள் கொழுந்தை அள்ளி, இறுக்காமல் சாக்குகளில் போட்டுவிட்டோம். பொம்பளைங்க சாப்பாட்டு நேரம் போயே போச்சு. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

ஆலை வாசலில் டீமேக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சாக்கின் அடிவரைக்கும் கையை விட்டார். ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"குளுகுளுன்னுதான் இருக்கு. எறக்குங்க. நாளைக்கும் நேரத்தோட வாங்க."

என் வீட்டுக்காரர் லொறியிலிருந்து இறங்கி என் பக்கம் வந்தார். எல்லாரும் பார்க்க, டீசல் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.