டிரஸ்ஸர் படித்த பேய்க்கதைகள்

குளுவாங் ரயிலடியில் மழைக்கு ஒதுங்கியபோது, காஹாங் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு, சட்டையெல்லாம் கொயினா மருந்து வாடை. யாரோ சிங்கப்பூரில் சொந்தச் செலவில் அச்சடித்த பேய்க்கதைத் தொகுப்பைப் படித்தபடி, ஒவ்வொரு பேய்க்கும் ஓரத்தில் பென்சிலால் ‘காய்ச்சல்’ என்று எழுதிக்கொண்டே போனார்.

ஒரு பக்கத்தை எட்டிப் பார்த்து, “இந்தப் பொண்ணை அடிச்சுக் கொன்னதா கதையில இருக்கேங்க?” என்றேன்.

“அடிபட்டுச் செத்தாலும் தோட்டத்துல அது காய்ச்சல்தாங்க. தொரை அப்படித்தான் எழுதச் சொல்வாரு, நான் ஆஸ்பத்திரிப் புத்தகத்துல எழுதுவேன்.” பக்கத்தைப் புரட்டினார். “இதுல செத்தவங்க எல்லாம் திரும்பி வந்து நியாயம் கேக்குறாங்க. எங்க கூலிக்காரங்க லயத்துல இருந்து ஒருத்தர்கூட வரலையே. வந்து கேட்டா, நடந்ததைச் சொல்லிடலாம்னு இருக்கேன்.”

அவர் முகத்தில் பயமே இல்லை. காத்துக் காத்துச் சலித்த களைப்புதான் இருந்தது. உயிரோடு பக்கத்தில் இருந்த நானும் அவரை எதுவும் கேட்கவில்லை.