சுமினோ அக்காவின் வலது கை

சுமினோ அக்கா மலைக்காட்டில் பிறந்தவர். நீச்சல் தெரியாது. இருபத்திரண்டு வயதில் எங்கள் கெயிஷி மீன்பிடித் துறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுவாரமே அவரைப் படகில் ஏற்றி, வலைக்கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச் மிஷின் முன்னால் நிறுத்திவிட்டார் புருஷன் தொகுஸோ. அதிலிருந்து முப்பத்தொரு வருஷம் அங்கேயேதான் நின்றார். எங்கள் துறைப் படகுகள் அத்தனையும் புருஷன் பெண்டாட்டி படகுகள். பாய்களை விரித்துவிட்டு, காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளத் தள்ள வலைகளை இழுத்துக்கொண்டு போவார்கள். சுக்கானும் பாயும் அவனுக்கு, வின்ச்சும் வலைக்கயிறும் அவளுக்கு.

தொகுஸோ படகில் பேச்சுச் சத்தமே கேட்காது. அவர் ஒரு பார்வை பார்த்தால் அக்கா கயிற்றை இழுப்பார், அக்கா இருமினால் அவர் சுக்கானைத் திருப்புவார். மற்றப் பெண்கள் பொறாமைப்படுவார்கள். "எங்க வீட்டு ஆளு காலையில வாயத் திறந்தா கரைக்கு வந்துதான் மூடுவாரு. உனக்கென்ன, ராணி!" என்பார்கள். அக்கா சிரிப்பார். எனக்கு என்னவோ அந்த அமைதி அன்றைக்கே பிடிக்காது. நான் வின்ச் ரிப்பேர் செய்கிறவன். சத்தம் வராத மிஷினைத்தான் சந்தேகப்படுவேன்.

போன வைகாசியில் அக்கா என் பட்டறைக்கு வந்தார்.

"இவாவோ தம்பி, கயிறு டிரம்ல நிக்க மாட்டேங்குது. ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஏறிக்குது. ரெண்டு தடவை கையப் பிடிச்சு இழுத்துடுச்சு."

போய்ப் பார்த்தேன். டிரம் என்பது வின்ச்சில் கயிறு சுற்றிக்கொள்ளும் உருளை; கயிறு உராய்ந்து உராய்ந்து அதில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். போதாக்குறைக்குத் தொகுஸோ மெல்லிய புதுக் கயிறு வாங்கிப் போட்டிருந்தார். மெல்லிய கயிறு பள்ளத்தில் புதைந்தால் அடுத்த சுற்று அதன்மேல் ஏறாமல் என்ன செய்யும்? புது டிரம் வர ஒரு வாரம் ஆகும். இறால் கொட்டுகிற சமயம், படகைக் கட்டிப்போடச் சொன்னால் தொகுஸோ குதிப்பார். "ஒரு வாரம் தாங்கும்க்கா, பாத்து ஓட்டுங்க" என்று சொன்னேன். சொன்னது நான்தான். அதை இன்றைக்கும் மென்று விழுங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலையிலிருந்து இலை அசையவில்லை. மதியம் வடமேற்கில் வானம் கறுத்தது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுப் படகுகள். ஒவ்வொன்றாகப் பாய் இறங்கியது. ஏழு இறங்கிவிட்டன. எட்டாவதில் வெள்ளைப் பாய்கள் அப்படியே நின்றன. அது யார் படகு என்று எனக்கு அடையாளம் தெரிந்தது.

அங்கே நடந்ததைப் பிறகு அக்காவே சொன்னார். காற்று வருமுன் வலையைத் தூக்கிவிட வேண்டும் என்று அவசரமாக வின்ச்சை ஓடவிட்டிருக்கிறார். சுற்று மேலே சுற்று ஏறிக் கயிறு இறுகிவிட்டது. டிரம் நிற்காமல், அவர் கையில் பிடித்திருந்த கயிற்று முனையையும் சேர்த்துச் சுருட்டியது. வலது கை கயிற்றுக்கு அடியில் போய்விட்டது. காலால் எத்தி வின்ச்சை நிறுத்தினார். ஆனால் காற்று வந்து பாயில் அறைந்தது. படகு சாயச் சாய, வலையின் பாரம் கயிற்றை இன்னும் இறுக்கியது. கயிற்றை வெட்டினால்தான் கை மிஞ்சும்.

தொகுஸோ பாயை விட்டுவிட்டுக் கத்திக்கு ஓடினார். கத்தி பாய்மரத்தில் கட்டியிருந்தது. கடலில் இரும்பு விழுந்தால் கடல் சாமிக்கு ஆகாது என்று எங்கள் துறையில் எல்லோரும் கத்தியைக் கட்டித்தான் வைப்போம், நூல் கயிற்றால். முந்தின வருஷம் ஒரு கத்தியைத் தவறவிட்டு, பத்து நாள் கடலுக்குச் சாராயம் ஊற்றி மன்னிப்புக் கேட்ட மனுஷன் இவர். அதனால் எஃகுக் கம்பி போட்டு முறுக்கியிருந்தார். கம்பி ஒரு கை நீளம். அக்கா நின்ற இடம் ஏழடி தள்ளி.

"கம்பிய முறுக்கி முறுக்கி அவுத்தாரு. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன் தம்பி. இருநூறு வரைக்கும் எண்ணினேன்" என்றார் அக்கா.

ஒருவழியாக அவிழ்த்து ஓடிவந்து கயிற்றை வெட்டினார். அறுந்த கயிறு சுண்டியதில் கத்தி தெறித்துக் கடலில் விழுந்தது. படகு நிமிர்ந்தது. அக்காவின் மூன்று விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். அங்கிருந்து அக்கா நேராக மலையிலிருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். தொகுஸோ என்னைப் பிடித்துக்கொண்டார். "எப்ப வர்றான்னு கேட்டுட்டு வாடா."

நானும் போனேன். முதலில் என் குற்றத்தைச் சொன்னேன். "தாங்கும்னு சொன்னது நான்தான்க்கா."

"நீ சொல்லாட்டியும் அவரு போயிருப்பாரு. விடு" என்றார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். "விரல் போனதுக்கு நான் அழல தம்பி. கத்தி விழுந்துச்சு பாரு, அவரு முதல்ல கடலப் பாத்துக் கும்பிட்டாரு. குனிஞ்சு, ரெண்டு கையும் கூப்பி. ரத்தம் கொட்ட நான் நிக்கறேன். அப்புறந்தான் என் பக்கம் திரும்பினாரு. இனி அந்தப் படகுல எனக்கு என்ன இருக்கு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே துறைக்குத்தான் நடந்தேன். தொகுஸோ புது டிரம்மைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் அவர் மூஞ்சிக்கு நேராகச் சொன்னேன்.

அவர் கை நின்றுவிட்டது.

"கத்திக்காகவா கும்பிட்டேன்? இரும்பு விழுந்துடுச்சே, அவ உசுரையும் கேட்டுடாதே தாயேன்னு கும்பிட்டேன்டா."

"அத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவளுக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருஷம்..."

"தெரியாது" என்றேன்.