பேருக்கு நின்ற தேர்தல்

என் கணவர் இங்கிலாந்தில் ஒரு மாவட்டக் கவுன்சில் தேர்தலில் ஜெயித்துவிட்டார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் துபாயில், அல் குசைஸில் புதிதாகக் குடிவந்திருந்த ஃபிளாட்டில், துணி அலமாரிக்குள் காகிதம் விரித்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அரசியலுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், எனக்கும் ஒட்டகப் பந்தயத்துக்கும் உள்ள சம்பந்தம்தான்.

மகள்தான் முதலில் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அப்பா எத்தனை ஓட்டு வாங்கித் தோற்றார் என்று கேலி பண்ணுவதற்காக, அந்தக் கவுன்சிலின் இணையதளத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள்.

"ம்மா, இங்க வாயேன். டாடி பேருக்குப் பக்கத்துல 'எலெக்டட்'னு போட்டிருக்கு."

"தப்பாப் பாக்கிற. நல்லாப் பாரு."

"நல்லாத்தாம்மா பாக்கிறேன். சீரியஸ்லி. டாடிதான் ஃபர்ஸ்ட்."

கையில் காகிதத்தோடு போய்ப் பார்த்தேன். நான்கு பேர் நின்றிருந்தார்கள். மூன்று வெள்ளைக்காரப் பெயர்கள். அவற்றுக்கு மேலே என் கணவர் பெயரும், அதன் வாலாக என் மாமனார் பெயரும். கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான், ஆனாலும் மேலே. பக்கத்தை மூடி மறுபடி திறக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான். அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். புருஷன் தேர்தலில் ஜெயித்தால் எந்தப் பெண்டாட்டிக்காவது பயம் வருமா? எனக்கு வந்தது. ஏனென்றால் அடுத்த மாதக் கடைசியில் அவர் எங்களோடு வந்து சேர்வதாக இருந்தது. லீவுக்கு அல்ல, ஒரேயடியாக.

ஒரு காலத்தில் நாங்கள் மூன்று பேரும் இங்கேதான் ஒன்றாக இருந்தோம். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியதும் இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. "ஒரு வருஷம் பாப்போம்" என்று போனார். அந்த ஒரு வருஷம் ஏழு வருஷமாக நீண்டது. குடும்பத்தைக் கூப்பிட அந்த நாட்டு அரசு கேட்ட அளவு சம்பளம் முதலில் அவருக்கு இல்லை. அந்தச் சம்பளம் வந்தபோது மகள் படிப்பின் நடுவில் இருந்தாள். எனக்கும் இங்கே சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் நல்ல வேலை. இப்படியே போக்கும் வரவுமாகக் காலம் ஓடியது. அங்கே அவருக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதிகூடக் கிடைத்துவிட்டது. அதையும் விட்டுவிட்டு வருகிறேன் என்று போன குளிர்காலத்தில் அவரே சொன்னார். இங்கே ஜெபல் அலியில் ஒரு கம்பெனி வேலை தருவதாக எழுதியும் கொடுத்துவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? இன்னொரு குடும்பத்தோடு சமையலறையைப் பங்குபோட்டுக்கொண்டு ஒற்றை அறையில் ஷேரிங்கில் இருந்தவள், மூன்று பேருக்கென்று தனி ஃபிளாட் பிடித்தேன். மூன்று கதவு அலமாரி வாங்கினேன். மூன்றாவது கதவு அவருக்கு.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இரண்டு பயணம்தான் உண்டு. ஒன்று லீவு, இன்னொன்று கேன்சல். விசாவைக் கேன்சல் பண்ணிக்கொண்டு ஒரேயடியாகக் கிளம்புகிறவர் யார், லீவில் போகிறவர் யார் என்று சாமானைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவரை வழியனுப்பப் போகும்போதெல்லாம் வரிசையில் நிற்கிறவர்களின் தள்ளுவண்டியைப் பார்த்து நானும் மகளும் பந்தயம் கட்டுவோம். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, போர்வை மூட்டை, டிவி இருந்தால் கேன்சல். சக்கரம் வைத்த ஒற்றைப் பெட்டி என்றால் லீவு. "இந்தத் தடவ டூல் பெட்டியோட வர்றேன், பாரு" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த இரும்புப் பெட்டியை விட்டு அவர் எங்கேயும் வேலைக்குப் போனதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்றால் அது கேன்சல்தான்.

இந்த அழகில் தேர்தலில் ஏன் நின்றார் என்று கேட்பீர்கள். முகத்தாட்சண்யம். வேறொன்றும் இல்லை. இல்லை என்று ஒருவரிடமும் சொல்ல வராது அவருக்கு. கல்யாணத்துக்கு முன் துபாயில் இருந்த காலத்தில் கூடத் தங்கிய ரூம் பையன்கள் நான்கு பேரின் சிம் கார்டு இவர் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் அவர் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், வெள்ளைக்காரர், ஏதோ ஒரு சின்னக் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர். இவர் போய் இறங்கிய முதல் குளிர்காலத்தில் தன் வீட்டு ஹீட்டரைக் கொண்டுவந்து கொடுத்த மனிதர். அவர் மார்ச் மாதம் வந்து, எல்லா வார்டிலும் கட்சி சார்பாக ஒரு பெயர் இருக்க வேண்டும், இந்த வார்டில் வேறொரு கட்சிதான் காலங்காலமாக ஜெயிக்கிறது, நீ ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு கையெழுத்து மட்டும் போடு என்றாராம். இவரும் போட்டுவிட்டார்.

"சும்மா பேருக்குத்தாம்மா. நான் ஜெயிக்கவாப் போறேன்?"

நானும் சிரித்தேன். எங்கள் ஊர் வார்டு மெம்பர் யாரென்றே தெரியாத மனிதர் இங்கிலாந்தில் தேர்தலுக்கு நிற்கிறார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? ஒரு வீட்டுக் கதவைக்கூட அவர் தட்டவில்லை. வாக்குப்பதிவு அன்று டபுள் ஷிஃப்ட் என்று தன் ஓட்டைக்கூடப் போடவில்லை. கடைசியில் நடந்தது என்னவென்றால், அந்த ஊர் ஜனங்களுக்குப் பெரிய கட்சிகள் இரண்டின் மேலும் ஆத்திரம். அந்த ஆத்திரத்தில், அடுத்து கண்ணில் பட்ட பெயருக்குப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். யார் மேலேயோ உள்ள கோபத்தை என் குடும்பத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு அவர் ஃபோனை எடுக்க வெகுநேரம் ஆனது. எடுத்ததும், "குழிக்குள்ள இருந்தேம்மா, அந்த வாத்தியார் வேற விடாம அடிச்சிட்டே இருக்காரு, ஆறுதல் சொல்லக் கூப்பிடுறாரு போல" என்றார்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"என்னத்த?"

"எலெக்‌ஷன்ல. கவுன்சிலர் ஆயிட்டீங்க."

அந்தப் பக்கம் யாரோ சுத்தியலால் தட்டுவது கேட்டது. பிறகு, "ஐயையோ" என்றார். அந்த ஒரு 'ஐயையோ'வில்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனிதர் என் பக்கம்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள் என்றேன். "ஆமாம்மா, எழுதிக் குடுத்துர்றேன்" என்று உடனே சொன்னார்.

இதற்குள் என் மகள் தோழிகளுக்குச் சொல்லி, அவர்கள் வீட்டில் சொல்லி, சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் வாட்ஸாப் குழுவுக்கே போய்விட்டது. இங்கிலாந்து மண்ணில் தமிழனின் சாதனை என்று அவர் படத்தைப் பூப்போட்ட சட்டத்துக்குள் வைத்து யாரோ போஸ்டர் அடித்துவிட்டார்கள். அவர் இங்கே வந்ததும் பொன்னாடை போர்த்த வேண்டும், தேதி சொல்லுங்கள் என்று ஒரு சங்கத்துக்காரர் கூப்பிட்டார். ஆபீஸில் என் மேனேஜர், மலையாளி, "மேடம், இனி நீங்க கவுன்சிலரம்மா" என்று எழுந்து நின்று கும்பிட்டார். அவரை ஒரு முறை முறைத்தேன்.

எதிர் ஃபிளாட்டில் ஒரு கீழக்கரை அம்மா இருக்கிறார். வீட்டுக்காரருக்கு பர் துபாயில் துணிக்கடை. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லாத்தா, அதாவது அக்கா. சமூசாத் தட்டோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை மேஜையில் வைத்தார்.

"என்ன புள்ள, எழவு விழுந்த வீடு மாதிரி உக்காந்திருக்கே? மாப்புள ஜெயிச்சிருக்காக, மாஷா அல்லா!"

"அவர் வரமாட்டாரோன்னு பயமா இருக்கு லாத்தா."

"அட, எழுதிக் குடுத்துட்டு வர்றேன்னாகல்ல? பொறவென்ன? தின்னு."

தின்றேன். அந்த நம்பிக்கையில் நான்கு நாள் ஓடியது.

ஐந்தாம் நாள் பேசும்போது அவர் குரலில் ஏதோ புதுசாக இருந்தது. முந்தின நாள் காலை ஒரு கிழவி கதவைத் தட்டினாளாம். தன் தெருவில் குப்பை வண்டி சரியாக வருவதில்லை, நீதானே எங்கள் கவுன்சிலர் என்று கேட்டாளாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் ஊரில் கவுன்சிலர் என்றால் வெள்ளைக் காரும் பின்னால் நான்கு பேரும். அங்கே குப்பைத்தொட்டிக்காக வீடு தேடி வருகிறார்கள்! இவர் அவளோடு அந்தத் தெருவுக்கே நடந்து போய்ப் பார்த்துவிட்டு, கவுன்சில் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணினாராம். மறுநாளே வண்டி வந்துவிட்டதாம்.

"என்னையத் தேடி வந்துச்சும்மா அந்தப் பாட்டி. ஏழு வருஷத்துல அந்த வாத்தியாரத் தவிர என் வீட்டுக் கதவ எவனும் தட்டுனதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஏழு வருஷமாக ஒரு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இங்கே இரண்டு பேர் இருக்கிறோமே என்று வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "லெட்டர் குடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"முதல் மீட்டிங் ஒண்ணு முடியட்டும். உடனே விட்டா வாத்தியார் மனசு சங்கடப்படும். மறுபடி தேர்தல் வைக்கணும்ல."

வாத்தியார் மனசு! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபோனைச் சுவரில் அடித்திருப்பேன். மகள் எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததால் அடிக்கவில்லை.

முதல் மீட்டிங் முடிந்த அன்று ஒரு படம் அனுப்பினார். பெரிய மர மேஜை, வரிசையாக நாற்காலிகள், ஒன்றில் இவர். ஜெபல் அலி கம்பெனியில் சேரும் நாளில் போடட்டும் என்று நான் வாங்கி அனுப்பிய கோட்டைப் போட்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சிரிப்புதான் என்னை ஆட்டிவிட்டது. எங்கள் கல்யாண ஆல்பத்தில் உண்டு அந்தச் சிரிப்பு. மகள் பிறந்தபோது பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஜெயித்தது எனக்கு அதிர்ச்சி இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதுதான் அதிர்ச்சி. ஒரு ஊரே தன்னை வேண்டும் என்று சொன்னதாக அவர் நம்பிவிட்டார்.

நானும் அவரை வேண்டும் என்று சொன்னவள்தான். எந்தத் தேர்தலிலும் நான் ஓட்டுப் போட்டதில்லை; கல்யாணமான கையோடு இங்கே வந்துவிட்டேன், ஊர் வாக்காளர் பட்டியலில் என் பெயரே இல்லை. இந்த ஒரு மனிதரைத்தான் நானாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். வீட்டில் சொன்ன வேறு இரண்டு வரன்களை வேண்டாம் என்றுதான் இவரைக் கட்டிக்கொண்டேன்.

லாத்தாவிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். இந்தத் தடவை மாஷா அல்லா சொல்லவில்லை.

"நேராக் கேட்டுரு புள்ள. வாரியளா இல்லியான்னு கேட்டுரு."

"கேட்டா வர்றேன்னுதான் சொல்லுவாரு லாத்தா. இல்லன்னு சொல்ல வராது அவருக்கு."

கேட்டேன். வர்றேன் என்றுதான் சொன்னார். டிக்கெட்டும் போட்டிருந்தார், பேசிவைத்திருந்த அதே தேதியில். அதை ஃபோனில் அனுப்பியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அநியாயமாக மனிதரைச் சந்தேகப்பட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அது வரும் பயணத்துக்கான டிக்கெட் மட்டும்தானா, திரும்பிப் போவதற்கும் ஒன்று இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை.

விமான நிலையத்தில் வருகைப் பக்கத்துத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நானும் மகளும் நின்றோம். டூல் பெட்டி கனக்கும் என்று பெரிய காராகக் கேட்டு வாங்கிக்கொண்டு லாத்தாவின் மகன் வெளியே காத்திருந்தான். லண்டன் விமானத்து ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். தள்ளுவண்டி முட்ட முட்டச் சாமானோடு ஒரு குடும்பம் வந்தது. மகள் பழைய பழக்கத்தில் "கேன்சல்" என்று முணுமுணுத்தாள். நான் சிரித்தேன்.

பிறகு அவர் வந்தார். தள்ளுவண்டி இல்லை. தோளில் ஒரு பை. ஒரு கையில் சக்கரம் வைத்த அந்தச் சின்னப் பெட்டி, வருஷா வருஷம் கொண்டுவருகிற அதே நீலப் பெட்டி. அட்டைப்பெட்டிகள் பின்னால் வருமோ, சிப்பந்தி யாராவது தள்ளிக்கொண்டு வருவாரோ என்று அவருக்குப் பின்னால் பார்த்தேன். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

மகள் என் கையைப் பிடித்தாள். "லீவும்மா," என்றாள்.

யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் என்னிடம் மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார். அதையும் வாய் திறந்து சொல்லவில்லை. பெட்டியைச் சொல்லவிட்டார். கிட்டே வந்து மகளைக் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எத்தன நாள் லீவு?" என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

அவர் பெட்டியின் பிடியைப் பார்த்துக்கொண்டு, "பத்து நாள்," என்றார்.